மேலே வருவதெல்லாம் ஸ்டெல்லாவுக்கு

நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது குணமாகும். எனக்குக் குணமானது. இன்றைக்கும் குற்றாலத்திலிருந்து தென்காசி வரை மூச்சு வாங்காமல் நடந்து வருவேன். ஆனால் குணமாகிற வழியில் வேறொன்று என்னை விட்டுப் போய்விட்டது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் ஆஸ்பத்திரிக் கதை முழுசாகும்.

நான் டென்னிஸ் ஆடிச் சம்பளம் வாங்கியவள். தென்காசியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. ஏலம் முடிந்து லாரிகளை அனுப்பிவிட்டு, சாயங்காலமானால் குற்றாலத்தில் பங்களாக்காரர்கள் நடத்திய கிளப்புக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு மண் கோர்ட் உண்டு. அப்பாவின் ஆட்டம் சுமார்தான், ஆசை மட்டும் ரொம்ப அதிகம். எதிரில் ஆட ஆள் வராத நாட்களில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட ஆரம்பித்தவள், மெட்ராஸில் கல்லூரிக்குப் போகும்போது ஓரளவு நன்றாகவே ஆடினேன். அங்கேதான் ஸ்டெல்லா கிடைத்தாள்.

ஸ்டெல்லா பெரம்பூர்க்காரி. ரயில்வே குடும்பம். என் தோள் உயரம்தான் இருப்பாள். தனித்தனியாக ஆடினால் நாங்கள் இருவருமே இரண்டாம் சுற்றில் வீட்டுக்குப் போகிறவர்கள். சேர்ந்து ஆடினால் எங்களை அசைப்பது கஷ்டம். நான் நெட் பக்கம் நிற்பேன். தலைக்கு மேலே வருகிற பந்தை எட்டி அடித்து அந்த இடத்திலேயே முடிப்பது என் வேலை. அவள் பின்னால் ஓடி ஓடி எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவாள். ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போவதுதான் வேலை. கல்கத்தா, டெல்லி, கொழும்பு, பாங்காக் என்று ரயிலிலும் விமானத்திலும் எங்கள் இருபதுகள் போயின. எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு கோடைக்கு எங்களை இங்கிலாந்துக்கே அனுப்பிவைப்பதாகக் கம்பெனி சொன்னது. புல் தரையில் ஆட வேண்டும். ஸ்டெல்லா அதற்கென்று ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தாள்.

அந்த மார்கழியில் எனக்கு தினமும் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. காலையில் இருக்காது. இடது விலாவில் ஒரு குத்தல். ஆழமாக மூச்சு இழுத்தால் யாரோ உள்ளிருந்து பிடித்து நிறுத்துகிற மாதிரி இருக்கும். தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு ஆடினேன். பெங்களூரில் ஒரு ஆட்டத்தின் நடுவில் சர்வீஸ் போடக் கையைத் தூக்கினேன். மூச்சு வரவில்லை. கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். நேரே நடுவரிடம் போய், "நாங்க ஆடல சார்" என்று சொல்லிவிட்டு, எதிராளிகள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு வந்து என் மட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது அப்பா என்னைப் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்குவதற்குப் பதிலாக என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே எக்ஸ்ரே. நெஞ்சு நோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் கறுப்பாகத் தெளிவாக இருந்தது. இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை.

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய உறை இருக்கும்மா, வெங்காயத்தோல் மாதிரி. ரெண்டும் ஒட்டினாப்புல இருக்கணும். உனக்கு நடுவுல தண்ணி சேந்துட்டு. நுரையீரலுக்கு விரிய எடமில்ல. அதான் மூச்சு வரல."

"தண்ணி எப்படி வந்தது டாக்டர்?" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னையே பார்த்துச் சொன்னார். "காசநோய்தான். நுரையீரலுக்குள்ள இல்ல, உறையில. சளியில கிருமி இல்ல. அதனால அடுத்தவங்களுக்கு ஒட்டாது. ஊசி உண்டு, மாத்திரை உண்டு. ஒன்றரை வருஷம் விடாமச் சாப்பிடணும்."

ஒட்டாது என்று அவர் சொன்னது அறையிலிருந்த யார் காதிலும் விழவில்லை. காசம் என்ற சொல் மட்டும் விழுந்தது. அம்மா வராந்தாவில் என் அண்ணன் மனைவி கோமதி மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுச் சளின்னு சொல்லிக்கிடுவோம். யாரு கேட்டாலும் நெஞ்சுச் சளி" என்றாள். மதினி, "சரி அத்தை" என்றாள். அன்றைக்கே ஒரு பாயையும் தூக்குச் சட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

நீரை எடுப்பதைப் பற்றிப் பயந்து கிடப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வைப்பார்கள். முன்னால் இருக்கும் முதுகுச் சாய்மானத்தில் இரண்டு கையையும் மடித்து வைத்துத் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். அது எறும்புக்கடி மாதிரி. பிறகு பெரிய ஊசி. அப்போது வலி கிடையாது. ஒரு அமுக்கம் மட்டும். அசையக் கூடாது, இருமக் கூடாது. அதுதான் கஷ்டம்.

மதினி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையே பாரு. பின்னால என்ன நடந்தா உனக்கென்ன?"

"நீங்க எதைப் பாக்குதீங்க மதினி?"

"நான் அந்தப் பாட்டிலத்தான் பாக்குதேன். எய்யா, எம்புட்டுத் தண்ணி! நன்னாரி சர்பத்து நெறத்துல வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதம்மா!" என்று டாக்டரம்மா அதட்டினார். மதினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் மட்டும் நீர் கட்டிக்கொண்டு நின்றது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் நான் அசைந்துவிடுவேன் என்று அவள் துடைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சு விட்டேன். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தினமும் காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. இடுப்பில் ஒருநாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். கூடவே கை நிறைய மாத்திரைகள். அவற்றில் ஒன்று வயிற்றைப் புரட்டும். மதினி கருப்பட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து வைத்திருந்து, மாத்திரை உள்ளே போனதும் வாயில் ஒன்றைப் போடுவாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். ஒருநாள்கூட அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நானாகக் கேட்டால், "அதுக ரெண்டும் அத்தையப் படுத்துற பாட்டுக்கு, நான் இங்கன இருக்கதுதான் சொகம்" என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆமினா அக்கா. அச்சன்புதூர்க்காரி, பீடி சுற்றுகிறவள். கணவர் துபாயில். அவர் பேசிப் பதிவு செய்த கேசட்டை அவள் தம்பி கொண்டுவந்து கொடுப்பான். ஆமினா அக்கா டேப்ரிக்கார்டரை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கேட்பாள். மூடினாலும் வார்டு முழுக்கக் கேட்கும். 'சாப்பிடு, மாத்திரையை விடாதே, உன் குரலைப் பேசி அனுப்பு' என்று அந்த மனிதர் கெஞ்சுவார். எல்லாப் பெண்களும் கேட்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

"நீ என்னம்மா வேலை பாக்கே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"டென்னிஸ் ஆடுதேன் அக்கா."

"அதுக்கா சம்பளம்?"

"ஆமா."

"தனியாவா?"

"இல்ல, இன்னொரு பிள்ளையோட சேந்து."

ஆமினா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பம் நீ இங்கன கிடந்தா அந்தப் பிள்ளைக்கு வேலை?"

அந்தக் கேள்வியோடுதான் நானும் கிடந்தேன். இங்கிலாந்து போக இன்னும் சில மாதங்களே இருந்தன. ஸ்டெல்லா வேறு ஜோடியைத் தேடிக்கொள்ளாவிட்டால் அவளும் போக முடியாது.

அவளே வந்தாள். மெட்ராஸிலிருந்து ரயிலேறி, ஒரு சாயங்காலம் கையில் சாத்துக்குடிப் பையோடு வார்டு வாசலில் நின்றாள். வந்ததும் வராததுமாக என் கட்டிலிலேயே உட்கார்ந்து, என் டம்ளரில் மிச்சமிருந்த காப்பியை எடுத்துக் குடித்தாள். அம்மாகூட அப்போது பார்க்க வந்தால் என் டம்ளரைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மதினி அதைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒட்டாதாமே? உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா காப்பி ஆறிப் போச்சுடி."

"இங்கிலாந்துக்கு யாரோட போறே?"

"யாரோடயும் போகல."

"பைத்தியமா உனக்கு?"

"அடுத்த வருஷம் போலாம், ரெண்டு பேரும்."

"அடுத்த வருஷம் அனுப்புவான்னு யாரு சொன்னா? நீ போ. பூனாக்காரப் பெண்ணைக் கேளு. நெட்டுல நின்னு நல்லா வாலி ஆடுவா, பந்தத் தரையில விழ விடமாட்டா."

"அவ மேல வர்ற பந்த விட்டுடுவா."

"நீ அடி."

"நானா? ஸ்டூல் போட்டாத்தான் எட்டும்."

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். அவளும் அழுதாள். நான் பிடித்த பிடியாக நின்றேன். நான் படுத்த படுக்கையில் கிடக்க, அவளும் மட்டையைத் தூக்கி வைத்துவிட்டாள் என்றால் எனக்கு அந்த ஊசி எதுவும் உடம்பில் ஒட்டாது என்று சொன்னேன். கடைசியில் போகிறேன் என்றாள். மறுநாள் அவள் ரயிலேறிய பிறகு, அன்று முழுக்க நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். போகச் சொன்னதும் நான்தான். போகிறாளே என்று வலித்ததும் எனக்குத்தான். மதினி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சல் நின்றது. எடை ஏறியது. அடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளை வடிந்து கறுப்பு ஏறியிருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த வாரத்தில்தான் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. தூரத்தில் ரேடியோ ஸ்டேஷன் கிடைக்காமல் இரைகிற மாதிரி. பலவீனம் என்று விட்டுவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போகும்போது வராந்தா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்தால் நின்றது. சாயங்காலம் கரண்ட் போன ஒரு நேரத்தில் எழுந்தவள், அப்படியே மரம் மாதிரி சரிந்தேன்.

டாக்டரம்மா என்னைக் கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடிய அந்த நொடியில் தரை போய்விட்டது. அவர் தயாராக இருந்து பிடித்துக்கொண்டார். அன்றோடு அந்த ஊசியை நிறுத்தி, வேறு மருந்து எழுதினார். பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

காது டாக்டர் என்னைப் படுக்க வைத்துக் காதுக்குள் ஐஸ் தண்ணீரை விட்டார். "இப்ப தலை பயங்கரமா சுத்தும். வாந்தி வந்தாலும் வரும். பயப்படாதே" என்று மதினியின் கையில் ஒரு பேசினையும் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. மறு காதிலும் விட்டார். குளிர்ந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணுமே சுத்தல டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினை மதினியிடமிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

"சுத்தியிருக்கணும்மா" என்றார்.

காதின் வேலை கேட்பது மட்டுமில்லை. அதற்குள்ளே ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு நேராக இருக்கிறதா என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சிலருக்கு இந்த ஊசி அந்த உறுப்பைக் கெடுத்துவிடும். யாருக்குக் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனக்கு இரண்டு காதிலும் கெட்டுவிட்டது. கேட்கும் சக்தி தப்பியது. ரீங்காரம் குறையும். ஆனால் உடம்பின் நிதானம் திரும்பி வராது. கண்ணையும் காலையும் வைத்துத்தான் இனி நிற்கப் பழக வேண்டும். இதைத்தான் அவர் பொறுமையாக விளக்கினார்.

"இவ பந்து வெளையாடுதவ டாக்டர்" என்றாள் மதினி.

"மெதுவா நடக்கப் பழகட்டும். அதப் பெறவு பாப்போம்."

பஸ்ஸில் திரும்பினோம். வழியில் ஏதோ ஒரு ஊரில் பஸ் நின்றபோது மதினி, "உசிரு கிடைச்சிருக்கு. அத முதல்ல வாங்கிக்கிடுவோம்" என்றாள். எனக்கு அப்போது அது போதவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் நாளில் ஆமினா அக்கா என்னைத் தன் டேப்ரிக்கார்டரில் பேச வைத்தாள். "எம் மாப்பிள்ளைக்குச் சொல்லும்மா, நான் நல்லா தேறிட்டேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாவ." பேசினேன். அந்தக் குரல் துபாய்க்குப் போனது.

அப்பா குற்றாலத்தில் ஒரு சிறிய வீட்டை எனக்காகப் பிடித்தார். காற்று நன்றாக இருக்கும், ஊர்க்கண்ணும் அவ்வளவு இருக்காது. மதினியும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். காலையில் வாசலிலிருந்து தெரு முனை வரை நடப்பேன். நடக்கும்போது உலகம் நிற்காது. மரம், கடை, மனிதர் எல்லாம் ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற மாதிரி குதிக்கும். நின்றுவிட்டால் அவையும் நின்றுவிடும். பார்த்தவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மதினி பக்கத்தில் நடந்துகொண்டே, "நிலத்தைப் பாக்காத, எதுத்தாப்புல பாரு" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

அப்பா புளியங்குடியிலிருந்து கொண்டுவரும் எலுமிச்சைகளை வைத்து மதினியே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். நான் அவளை நோக்கி நடக்க வேண்டும். அவள் ஒரு பழத்தை என்னிடம் எறிவாள். நான் பிடிக்க வேண்டும். முதல் வாரம் எல்லாம் தரையில் உருண்டது. பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்தன. பிறகு ஒன்று இரண்டு பிடிபட்டன. மாதக் கடைசியில் வேகமாக நடந்துகொண்டே பிடித்தேன். தலைக்கு மேலே எறிந்தால் மட்டும் முடியாது. அண்ணாந்த மாத்திரத்தில் பின்னால் சாய்ந்துவிடுவேன். எத்தனை தடவை முயன்றும் அது மாறவில்லை.

ஆடியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தபோது ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். இங்கிலாந்தில் பூனாக்காரியோடு ஆடி, போன இடமெல்லாம் முதல் இரண்டு சுற்றுக்குள் தோற்றிருந்தாள்.

"நல்ல பொண்ணு, நல்லா ஆடறா. ஆனா ரெண்டு பேரும் 'சாரி சாரி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். உன்கிட்ட நான் ஒரு தடவையாவது சாரி சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"அதான்."

என் காது விஷயத்தை நான் அவளுக்குத் தெரிவித்திருக்கவில்லை. அன்று உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் எழுந்து, "வா, முதல்ல அருவியில குளிப்போம். இவ்ளோ தூரம் வந்திருக்கேன்" என்றாள்.

நெஞ்சு சுத்தமாகிவிட்டதால் குளிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அருவியின் கீழே போனால் கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். பெண்கள் பக்கக் கூட்டத்துக்குள் ஒரு கையை மதினியும் மறு கையை ஸ்டெல்லாவும் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். தண்ணீர் தலையில் இறங்கியதும் மேல் எது, கீழ் எது என்று ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் தொங்குகிற மாதிரி இருந்தது. இரண்டு கைகள் மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்தன. அதை வைத்து இது இடம், இது வலம் என்று தெரிந்துகொண்டேன். வெளியே வந்தபோது மூன்று பேருக்கும் பல் கிடுகிடுத்தது. ஸ்டெல்லா தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு கோர்ட்டுக்குப் போறோம்" என்றாள்.

மழை விட்ட நேரங்களில் கிளப்பின் ஈர மண்ணில் இறங்கினோம். ஓடிக்கொண்டே பார்த்தால் பந்து மூன்றாகத் தெரியும். நின்று பார்த்தால் ஒன்றாகிவிடும். அதனால் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போக வேண்டும். அதையும் கற்றுக்கொண்டேன். தலைக்கு மேல் வந்த பந்துக்கு ஒரே ஒரு தடவை அண்ணாந்தேன். மல்லாந்து விழுந்தேன்.

ஸ்டெல்லா என்னைத் தூக்கிவிடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தாள்.

"சரி. இனிமே மேல வர்றதெல்லாம் எனக்கு."

"உனக்கு எட்டாதேடி."

"பின்னால ஓடி, கீழ விழ விட்டு அடிக்கிறேன். இல்லன்னா குதிக்கிறேன். நீ மேல பாக்கவே கூடாது. சத்தியம் பண்ணு."

அன்றிலிருந்து மதினிக்கு வேலை மாறியது. எலுமிச்சையை வானத்துக்கு எறிவாள். குட்டை ஸ்டெல்லா குதித்துக் குதித்து மட்டையால் அடிப்பாள். சாறு தெறிக்கும். முற்றமெல்லாம் எலுமிச்சை வாசம். அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏலத்துக்குப் போற பழத்த இப்படியா அடிச்சு நொறுக்குதீங்க?"

"சொத்தப் பழந்தான் மாமா" என்றாள் மதினி. பொய்.

மறுநாள் அப்பா பழைய டென்னிஸ் பந்துகளை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்.

அடுத்த வருஷம் மதுரையில் ஒரு டோர்னமெண்டில் பெயர் கொடுத்தோம். கம்பெனி எங்களைக் கைவிடவில்லை என்றாலும், இந்த ஒரு தடவை பார்ப்போம் என்று சொல்லியிருந்தது. மறுபடி ஆட முடியாவிட்டால் எனக்கு ஆபீசில் ஒரு நாற்காலி. ஸ்டெல்லாவுக்கு வேறு ஜோடி. எங்கள் இருவருக்குமே அது தெரியும்.

அப்பாவும் அம்மாவும் மதினியும் வந்திருந்தார்கள். மதினி அதுவரை ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. எதிரில் ஹைதராபாத் ஜோடி. கெட்டிக்காரிகள். முதல் செட்டை நாங்கள் எடுத்தோம். இரண்டாவது செட்டின் நடுவில் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நெட்டில் நிற்கும் நெட்டைக்காரி அண்ணாந்தே பார்ப்பதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பந்தும் என் தலைக்கு மேலே போனது. ஸ்டெல்லா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். பழைய ஸ்டெல்லா தொட மாட்டாத பந்துகளைக் குதித்து அடித்தாள். சிலது எதிர்ப்பக்கம் விழுந்தது, சிலது நெட்டில் போனது. அந்தச் செட் போய்விட்டது.

மூன்றாவது செட்டில் அவள் முட்டியில் ரத்தம். "விட்டுரலாமா?" என்று நான் கேட்டேன். பெங்களூரில் எனக்காக அவள் விட்டுக்கொடுத்த மாதிரி.

"உளறாத. நீ உன் பந்த அடி" என்றாள்.

அடித்தேன். நெஞ்சு உயரத்துக்குள் வந்த எதையும் நான் விடவில்லை. மூச்சு திணறவே இல்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு வழியாக நாங்கள் முன்னால் வந்து, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம் என்ற இடத்தில் நின்றோம்.

நீண்ட நேரம் பந்து போய் வந்தது. ஸ்டெல்லா ஓரத்துப் பந்து ஒன்றை எட்டி எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு வழுக்கி விழுந்தாள். கோர்ட்டின் பாதி காலி. எதிரில் இருந்தவள் அதைப் பார்த்தாள். மெதுவாக, உயரமாக, என் தலைக்கு மேலே தூக்கினாள். பந்து எழும்புவது வரை பார்த்தேன். அதற்கு மேல் பார்த்தால் விழுந்துவிடுவேன். பின்னால் ஓடிப் போய் அடிப்பதா? ஓடினால் பந்து எங்கே என்று எனக்குத் தெரியாது. திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு!" என்று கத்தினாள்.

வெளியே போகிற பந்தைத் தொடாதே என்பதற்கு ஜோடிகள் சொல்கிற வார்த்தை அது. தப்பாகச் சொன்னால் புள்ளி போய்விடும். நான் மட்டையைக் கீழே இறக்கினேன். அசையாமல் நின்றேன். பந்து என்னைத் தாண்டிப் போவது தெரியவில்லை. பின்னால் எங்கோ தரையில் அது விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவுட்!"

ஸ்டெல்லா எழுந்து ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அங்கேதான் எட்டும்.

அடுத்த நாள் நாங்கள் தோற்றோம். அதன் பிறகும் எண்பதுகளில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகிற வரை சேர்ந்தே ஆடினோம். சில கோப்பைகள், நிறையத் தோல்விகள். இங்கிலாந்துக்கு எங்களை யாரும் மறுபடி அனுப்பவில்லை. இப்போதும் கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

அன்றைக்கு மதுரையில் கூட்டம் கலைந்த பிறகு மதினி படியிறங்கி வந்தாள். தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். ஸ்டெல்லாவின் முட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பிறகு என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்:

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. கடைசில அந்தப் பிள்ள தரையில உக்காந்திருந்தா. நீ கையத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சும்மா நின்ன. அதுக்கா இம்புட்டுப் பேரும் கைதட்டுதாங்க?"